எண்ணும்போது உள்ளே, பங்கிடும்போது வெளியே: பிறப்பு விகிதமும் நமது பங்கும்



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் இந்த மேடையில் பேச அழைத்தபோது, பிறப்பு விகிதம் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். இலக்கியக் கூட்டத்தில் மக்கள்தொகைக் கணக்கு எதற்கு என்ற தயக்கம் அது. ஆனால் பண்டிதரின் அரசியலே ஒரு கணக்கெடுப்புப் படிவத்திலிருந்துதான் புறப்படுகிறது. 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, நம்மை இழிபெயரால் எழுதாதே, ஆதித் தமிழர் என்று எழுது என்றார் அவர். நம்மை யார் எண்ணுகிறார்கள், எந்தப் பெயரில் எண்ணுகிறார்கள், எண்ணி என்ன செய்கிறார்கள் என்று முதலில் கேட்டவர்களில் அவர் ஒருவர். ஆகவே இந்தத் தலைப்பு அவருக்கு அந்நியமானது அல்ல.

திருவொற்றியூரில் இருக்கும் என் பெரியம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு ஆபரேஷன் செய்துகொண்டவர். சில மாதங்களுக்கு முன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது, சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று புதுமணத் தம்பதிகளுக்குத் தலைவர்கள் சொல்லும் செய்தி ஓடியது. பெரியம்மா சிரித்தார். "அன்னிக்கு ரெண்டோட நிறுத்துன்னு வூட்டுக்கு வூடு வந்து இட்டுனு போனாங்க. இன்னிக்கு பெத்துக்கோன்றாங்க. நம்ம வவுறு இன்னா இவங்க வூட்டு ரேஷன் கார்டா?" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு விரித்துப் பேசப்போகிறேன்.

1. கணக்கு என்ன சொல்கிறது

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவார் என்ற கணக்குக்கு மொத்தக் கருவள விகிதம் என்று பெயர். இந்த எண் 2.1ஆக இருந்தால் ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை அப்படியே நிரப்பும். அதற்குக் கீழே போனால், பிறருடைய குடியேற்றம் இல்லாதவரை, கொஞ்ச காலம் கழித்து மக்கள்தொகை குறையத் தொடங்கும்.

தமிழ்நாட்டில் 1971ல் இந்த எண் 4க்கு அருகில் இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி 2.1ஐத் தொட்டது. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் 1.4. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) தமிழ்நாட்டுக்கு 1.8 என்கிறது. இரண்டும் வேறு வேறு முறையில் எடுக்கப்பட்டவை. எதை எடுத்தாலும் 2.1க்குக் கீழேதான். அதே ஆய்வில் இந்தியாவுக்கு 2.0, பீகாருக்கு 3.0.

இது எப்படி நடந்தது? பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். திருமண வயது தள்ளிப்போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த பிள்ளை பிழைத்தது. 1971ல் பிறந்த 1000 குழந்தைகளில் 100க்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020ல் அது 13. பிறந்தது நிலைக்கும் என்று தெரிந்தால் எந்தத் தாயும் அரை டஜன் பெற மாட்டாள்.

சாதிவாரியாகப் பார்த்தால் என்ன? நம் தெருக்களைக் காட்டி "இதுங்க பெத்துக்கினே இருக்கும்" என்று பேசுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மேற்சொன்ன ஆய்வின் அகில இந்தியக் கணக்கு இது: பட்டியல் சாதியினர் 2.08, பழங்குடியினர் 2.09, இதர பிற்படுத்தப்பட்டோர் 2.02, மற்றவர்கள் 1.93. நமக்கும் மேலே இருப்பவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் 0.15. ஒரு முழுப் பிள்ளைகூட இல்லை. பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் நம் தெருவுக்குத் தாமதமாக வந்தன. பிறப்பு விகிதமும் அதற்கேற்பத் தாமதமாகக் குறைந்தது. சாதி குணம் என்று ஒன்று இதில் இல்லை.

2. யாருடைய உடம்பில்

மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியது தமிழ்நாடு, அதற்காக எங்களைத் தண்டிக்காதே என்று இன்று எல்லாக் கட்சியும் பேசுகின்றன. நியாயமான பேச்சு. ஆனால் கட்டுப்படுத்திய அந்த "நாங்கள்" யார்?

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசுவாமி. மூன்று பிள்ளைகளுக்கு மேல் பெறுவதை "பொறுப்பற்ற தாய்மை" என்று பொருள்படும் சொல்லால் அவருடைய அறிக்கை குறித்தது. பொறுப்பற்ற தகப்பன்மை என்றோ பொறுப்பற்ற அரசு என்றோ எழுதத் தோன்றவில்லை. அவர் பின்னர் சென்னை மாகாணத் தலைமைச் செயலாளர் ஆனார். 1956ல், நாட்டிலேயே முதன்முதலாக, அறுவை சிகிச்சை செய்துகொள்பவருக்கு 30 ரூபாய் தரும் திட்டம் இங்கேதான் தொடங்கியது. ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கும் பிறகு பணம் வந்தது. அந்தக் காலத்தில் 30 ரூபாய் என்பது ஒரு அதிகாரிக்கு ஒன்றுமில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கும், வயலில் நாற்று நடுபவருக்கும் அது பெரிய தொகை. பணம் யாரை நோக்கி நீட்டப்பட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நெருக்கடி நிலை. 1976-77 என்ற ஒரே ஆண்டில் இந்தியாவில் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்கு. 1977 தேர்தலில் வட மாநிலங்களில் ஆட்சி தூக்கி எறியப்பட அதுவும் ஒரு காரணம். அந்தத் தோல்வியிலிருந்து அரசியல்வாதிகள் கற்றுக்கொண்ட பாடம், கட்டாயம் தவறு என்பதல்ல. ஆண்களைத் தொடக்கூடாது என்பதுதான். அதன் பின் முழுச் சுமையும் பெண்கள் மேல் இறங்கியது. இன்று தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு 100க்கு ஒன்றுகூட இல்லை. அத்தனை பெரிய சாதனை என்று சொல்லப்படுவது பெண்களின் வயிற்றில் போட்ட தையல்.

நான் கருத்தடைக்கு எதிரி அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் மரபில் கருத்தடைக்கு வேறொரு நியாயம் இருந்தது. 1920களின் இறுதியில் சென்னையின் மேல்தட்டினர் மால்தூசியச் சங்கம் வைத்து, நாட்டின் வறுமையைக் குறைக்க ஏழைகள் பிள்ளை பெறுவதைக் குறைக்க வேண்டும் என்றார்கள். அதே காலத்தில் பெரியார், நாட்டுக்காகவோ குடும்பச் சொத்துக்காகவோ அல்ல, பெண் விடுதலைக்காகக் கருத்தடை வேண்டும் என்றார். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசு வசதி செய்துதர வேண்டும் என்ற தீர்மானத்தை அண்ணல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கொண்டுவந்தது. அவர் எழுதிய உரையை, அவர் வர இயலாததால், கட்சி உறுப்பினர் பி.ஜே. ரோகம் வாசித்தார். தீர்மானம் தோற்றது. பெரியாரும் அண்ணலும் கேட்டது பெண்ணின் கையில் ஒரு கருவி. அரசு கொடுத்தது பெண்ணின் மேல் ஒரு இலக்கு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்போது காற்று திரும்பிவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர், இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருப்பவர்களே உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியும் என்று சட்டம் கொண்டுவரலாம் என்றார். 2025 மார்ச்சில் நம் முதல்வர் நாகப்பட்டினத்தில், முன்பெல்லாம் பொறுமையாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பேசினார். பிள்ளை கூடினால் நாடாளுமன்றத்தில் பங்கு கூடும் என்பது இந்தப் பேச்சுகளின் அடியில் இருக்கும் கணக்கு.

அது உண்மையா? எண்ணிக்கை கூடினால் அதிகாரம் கூடுமா? இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு நாடு இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணி, மாநிலங்களுக்கு இடையே இடங்களை மாற்றிக்கொண்டே வந்திருக்கும் நாடு அது. அமெரிக்கா.

3. ஐந்தில் மூன்று மனிதர்

1787ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டம், மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி இடம் என்றது. தெற்கு மாநிலங்களில் லட்சக்கணக்கில் கறுப்பின அடிமைகள். அவர்களை எண்ணலாமா? எண்ணு என்றவர்கள் யார் தெரியுமா, அடிமைகளின் எசமானர்கள். சந்தையில் விற்கும்போது பொருள், இடம் கேட்கும்போது மனிதர். கடைசியில் ஒரு அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக எண்ணுவது என்று உடன்பாடு வந்தது. அடிமைக்கு வாக்கு இல்லை. அவரை எண்ணிக் கிடைத்த இடத்தில் அவருடைய எசமானர் போய் உட்கார்ந்தார்.

1865ல் அடிமை முறை ஒழிந்தது. 1868ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கறுப்பினத்தவர் முழு மனிதராக எண்ணப்பட்டார்கள். ஆனால் சில பத்தாண்டுகளுக்குள் தெற்கு மாநிலங்கள் தேர்வு, வரி, அடிதடி என்று பலவகையில் அவர்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. விளைவு என்ன? முன்பு ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டவர் இப்போது முழுதாக எண்ணப்பட்டார். அதனால் தெற்கு வெள்ளையரின் இடங்கள் கூடின. 1965ல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை இந்த அநியாயம் தொடர்ந்தது. எண்ணிக்கை கூடியதால் அதிகாரம் கூடியது உண்மைதான். ஆனால் எண்ணப்பட்டவருக்கு அல்ல.

அதே தெற்கில் கறுப்பினப் பெண்களின் கருப்பை அரசின் குறியாகவும் இருந்தது. 1973ல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் 12, 14 வயதுச் சகோதரிகள் இருவருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத தாய், என்னவென்று தெரியாமல் படிவத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். ஒரு பக்கம் எண்ணிக்கை வேண்டும், இன்னொரு பக்கம் அந்த எண்ணிக்கை பெருகக் கூடாது.

இன்றைய நிலை என்ன? 2020 கணக்கெடுப்பில் அமெரிக்க மக்கள்தொகை 33 கோடியே 14 லட்சம். ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் சுமார் 58 விழுக்காடு. லத்தீன் அமெரிக்க வழியினரான ஹிஸ்பானியர் கிட்டத்தட்ட 19. கறுப்பினத்தவர் 12 விழுக்காட்டை ஒட்டி. கலிபோர்னியாவில் ஹிஸ்பானியரே மிகப்பெரிய குழு. டெக்சாஸில் வெள்ளையரும் ஹிஸ்பானியரும் ஏறக்குறையச் சமம். "அவர்கள் பெற்றுத் தள்ளுகிறார்கள், நம்மை விழுங்கிவிடுவார்கள்" என்ற பயம் அங்கே அரசியலாகவே ஆகிவிட்டது. 2022 மே மாதம் பஃபலோ நகரில் ஒரு வெள்ளை இளைஞன் அந்தப் பயத்தைச் சித்தாந்தமாக எழுதிவைத்துவிட்டு, கடைக்கு வந்த கறுப்பினத்தவர் 10 பேரைச் சுட்டுக் கொன்றான்.

ஆனால் கணக்கு அந்தப் பயத்துக்குத் துணை நிற்கவில்லை. ஹிஸ்பானியப் பெண்களின் கருவள விகிதம் 2007ல் 3ஐ ஒட்டி இருந்தது, 2020ல் 2க்கும் கீழே இறங்கிவிட்டது. இன்று அமெரிக்காவின் எந்த மாநிலமும் 2.1ஐ எட்டுவதில்லை. பிறகு ஏன் விகிதாச்சாரம் மாறுகிறது? வயது அமைப்பினால். வெள்ளையரில் முதியவர் அதிகம், மற்றவர்களில் இளையவர் அதிகம். இளையவர் அதிகமுள்ள கூட்டத்தில், ஆளுக்கு இரண்டே பெற்றாலும் பிறப்பு கூடும், இறப்பு குறையும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பங்குக்கு வருவோம். 2010க்கும் 2020க்கும் இடையே டெக்சாஸில் சுமார் 40 லட்சம் பேர் கூடினார்கள். அவர்களில் 100க்கு 95 பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். அந்த வளர்ச்சியால் டெக்சாஸுக்கு இரண்டு புதிய இடங்கள் கிடைத்தன. மாநில சட்டமன்றம் கோடு வரைந்தது. வரைந்து முடித்தபோது இரண்டு புதிய தொகுதிகளிலும் வெள்ளையரே பெரும்பான்மை. 1787ல் ஐந்தில் மூன்று என்ற விகிதம் செய்த வேலையை 2021ல் வரைபடக் கோடு செய்தது.

எண்ணும்போது உள்ளே, பங்கிடும்போது வெளியே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவோம்.

4. நம் வீட்டுக்குள்ளே ஒரு கணக்கு

நம் வரலாற்றிலும் இது புதிதல்ல. 1911 கணக்கெடுப்புக்கு முன், 1910ல், ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர்களை, பிராமணப் புரோகிதர் சேவை செய்யாதவர்களை இந்துக்கள் என்று எண்ணலாமா என்று கேட்டது அது. அதுவரை நம்மைத் தெருவுக்குள் விடாதவர்கள் பதறிப்போனார்கள். எண்ணிக்கை குறைந்துவிடுமே என்ற பதற்றம். 1932ல் இது தலைகீழானது. தீண்டப்படாதோருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று வந்ததும், சில மாகாணங்களில் தீண்டப்படாதோர் அவ்வளவு பேர் இல்லவே இல்லை என்றார்கள். லோத்தியன் குழுவில் அண்ணல் அந்த எண் விளையாட்டை எதிர்த்து நின்றார். பூனா ஒப்பந்தத்தில் 148 இடங்கள், அதில் சென்னை மாகாணத்துக்கு 30.

இப்போதைய கணக்கைப் பாருங்கள். 1971ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் நாம் 17.8 விழுக்காடு. 2001ல் 19.0. 2011ல் 20.01, அதாவது 1 கோடியே 44 லட்சம் பேர். ஐந்தில் ஒருவர்.

1976ல் 42ஆவது திருத்தம், மாநிலங்களின் இடங்களை 1971ஆம் ஆண்டு எண்ணிக்கையில் நிறுத்தியது. பிறப்பைக் குறைக்கும் மாநிலங்கள் இடத்தை இழக்கக் கூடாது என்பது காரணம். தமிழ்நாட்டுக்கு அந்த அனுபவம் ஏற்கெனவே உண்டு. 41ஆக இருந்த நம் மக்களவை இடங்கள் 1967ல் 39 ஆயின. 2001ல் 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. மாநிலங்களுக்கு இடையே இது ஒரு பாதுகாப்பு. ஆனால் அதே நிறுத்தம் மாநிலத்துக்குள்ளே நம்மையும் நிறுத்திவைத்தது. சட்டமன்றத்தின் 234 இடங்களில் நமக்கு 42 என்பது 1971 கணக்கு. நம் பங்கு கூடிக்கொண்டே போனபோதும் 30 ஆண்டுகள் அந்த 42 அசையவில்லை. 2003ல் வந்த 87ஆவது திருத்தம், மொத்த இடங்களைத் தொடாமல் உள்ளுக்குள் மட்டும் 2001 கணக்குப்படி திருத்த வழிவிட்டது. 2008 மறுவரையறையில் 42 என்பது 44 ஆனது. அதன் பிறகு 2011 கணக்கு வந்தது. 234ல் 20.01 விழுக்காடு என்றால் 47க்கு அருகில். இன்றும் 44தான். மக்களவையில் 39ல் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 8க்கு அருகில். இருப்பது 7.

மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு அநீதி நடக்கக் கூடாது என்பதில் நாம் யாருக்கும் பின்னால் நிற்கப்போவதில்லை. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு மக்களவை உறுப்பினருக்கு 18.5 லட்சம் பேர், பீகாரில் 26 லட்சம் பேர். வடக்கிலிருந்து வரும் கோரிக்கைக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெறும் தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கூட்டாட்சி செத்துப்போகும் என்பதே நம் வாதம். ஆனால் டெல்லியிடம் பங்கு கேட்கும் கோட்டை, தன் வீட்டுக்குள் பங்கு கேட்கும் குரலுக்கும் காது கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 7 கோடி 21 லட்சம் என்ற எண்ணில் நாமும் இருக்கிறோம். அந்த எண்ணைக் காட்டிப் பெறும் 39 இடங்களில் நம் பங்கு எங்கே?

5. எண்ணாமல் விட்டவர்கள்

இராயபுரம் என்ற பெயர் இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது. வடசென்னையில் ஒரே குடும்பத்தில் அண்ணன் முனுசாமியாகவும் தம்பி அந்தோணியாகவும் இருப்பது சாதாரணம். இருவரும் ஒரே தெரு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒரே சாதிக்குள். ஊரார் கூப்பிடும் பெயரும் ஒன்றுதான். ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்திப்படி அண்ணன் பட்டியல் சாதி, தம்பி அல்ல. 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. 2022ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதற்காக ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 20.01 விழுக்காடு என்ற எண்ணுக்குள் அந்தோணி இல்லை. ஆகவே மேலே நான் போட்ட 47 என்ற கணக்கும் குறைந்த கணக்கே.

இன்னொரு வகை இழப்பு கோடுகளால் நேர்வது. சென்னையில் நமக்கான தனித்தொகுதிகள் எழும்பூரும் திரு.வி.க. நகரும். 2000க்குப் பிறகு கூவம் கரையிலிருந்தும் நகரின் மற்றப் பகுதிகளிலிருந்தும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகப்பட்டன. அவை சோழிங்கநல்லூர் என்ற பொதுத்தொகுதியில் இருக்கின்றன. பட்டியல் சாதியினரின் விகிதம் கூடுதலாக இருக்கும் இடத்தில்தான் தனித்தொகுதி அமைய வேண்டும் என்பது சட்டம். மக்களையே பெயர்த்துக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தால் அந்த விகிதம் என்ன ஆகும்? டெக்சாஸில் மக்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள், கோடு நகர்ந்தது. இங்கே கோடு இருந்த இடத்தில் இருக்கிறது, மக்கள் நகர்த்தப்படுகிறார்கள்.

6. "வடக்கன்" என்று சொல்லும் முன்

கடைசியாக நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று.

எண்ணூர், மீஞ்சூர், மணலி பக்கம் போனால் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழுகின்றன. இங்கே பிறப்பு குறைந்தது, படித்த நம் பிள்ளைகள் மூட்டை தூக்க வரவில்லை, அந்த இடத்துக்கு அவர்கள் வந்தார்கள். மக்கள்தொகை மாற்றத்தின் இயல்பான அடுத்த கட்டம் இது. ஆனால் "வடக்கன் வந்து நம்மை விழுங்கிவிடுவான்" என்ற பேச்சு நம் இளைஞர்களின் கைப்பேசியிலும் ஓடுகிறது. பஃபலோவில் துப்பாக்கி தூக்கியவன் படித்த பாடத்தின் தமிழ்ப் பதிப்பு இது.

வருபவர்கள் யார்? பீகார் அரசு 2023 அக்டோபரில் வெளியிட்ட சாதிக் கணக்கைப் பாருங்கள். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36 விழுக்காடு, பட்டியல் சாதியினர் 19.65 விழுக்காடு. பிழைக்க ரயில் ஏறுபவர்களில் கணிசமானோர் நம் ஆட்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டு விளக்கு எரிவதற்காக உயரத்தில் ஏறியவர்கள்.

நாமும் இந்த மண்ணுக்கு அப்படி வந்தவர்கள்தான். செங்கல்பட்டிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் பண்ணையை உதறிவிட்டுத் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் வந்தோம். தெலுங்கு பேசும் துப்புரவுத் தொழிலாளர் வந்தார்கள். 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் குடியேறினார்கள். 1921ல் பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தத்தின்போது, வேலைநிறுத்தத்தை உடைக்கிறார்கள் என்று சொல்லிப் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகளைக் கொளுத்தினார்கள். கூலியைக் கெடுக்க வந்தவன் என்ற பட்டத்தை நூறாண்டுகளுக்கு முன் சுமந்தவர்கள் அதை இன்னொருவர் முதுகில் ஏற்றலாமா?

இதிலும் அதே பழைய கணக்கு இருக்கிறது. கணக்கெடுப்புக் காலத்தில் எண்ணூரில் தங்கியிருக்கும் தொழிலாளி எண்ணூரில்தான் எண்ணப்படுவார். தமிழ்நாட்டின் எண்ணிக்கை அவரால் கூடும். ஆனால் பெரும்பாலானோருக்கு வாக்கு இங்கே இல்லை. எண்ணும்போது உள்ளே, பங்கிடும்போது வெளியே. நேற்று நமக்கு, இன்று அவருக்கு.

7. என்ன கேட்க வேண்டும்

2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதியும் எண்ணப்படும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பண்டிதர் இருந்திருந்தால் தெருத்தெருவாகப் போய்ப் படிவத்தை விளக்கியிருப்பார். அந்த வேலை நம்முடையது.

முதலில், கணக்கெடுப்பவர் வரும்போது சாதியை மறைக்காமல், மழுப்பாமல், சரியான பெயரில் சொல்ல நம் மக்களைத் தயார்செய்ய வேண்டும். தலித் கிறித்தவர் தன் மதத்தையும் சொல்லட்டும், சாதியையும் சொல்லட்டும். அந்த எண் வெளியே வந்தால்தான் 1950 ஆணைக்கு எதிரான வாதம் வலுவாகும்.

இரண்டாவது, மாநிலங்களுக்கு இடையிலான இடங்கள் குறித்து என்ன முடிவு வந்தாலும், மாநிலத்துக்குள் தனித்தொகுதிகளின் எண்ணிக்கை புதிய கணக்குப்படி திருத்தப்பட வேண்டும். 87ஆவது திருத்தம் இதற்கு முன்னுதாரணம். தமிழ்நாட்டின் பங்கைக் காக்கும் போராட்டத்தில் இந்தக் கோரிக்கையும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்ற பதிலை நாம் 1932லிருந்து கேட்டுவருகிறோம்.

மூன்றாவது, பெண்களின் வயிற்றை விட்டுவிடுங்கள். பெறாதே என்று சொல்ல உரிமை இல்லாதவர்களுக்குப் பெறு என்று சொல்லவும் உரிமை இல்லை. பிள்ளை வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால், பிறந்த பிள்ளை எந்தக் காற்றைச் சுவாசிக்கும் என்று முதலில் யோசியுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகம் எண்ணெயில் மிதந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெரியகுப்பத்து மக்கள் ஓடினார்கள். சாம்பல் படியாத காற்று, குழந்தைக் காப்பகம், வேலையிலிருந்து துரத்தாத பேறுகால விடுப்பு. இவை இருந்தால் யாரும் மேடை ஏறிக் கெஞ்ச வேண்டியதில்லை.

பிள்ளை எண்ணிக்கையால் மட்டும் எந்தச் சமூகமும் அதிகாரம் பெற்றதில்லை. எண்ணிக்கையைப் பங்காக மாற்றுவது சட்டமும் வாக்கும் அமைப்பும். அந்த மூன்றும் நம் கையில் இல்லாதபோது, நாம் பெருகினாலும் நம் தலையை எண்ணி வேறொருவர் போய் உட்காருவார்.

நான் பேசப்போவதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "கணக்கு எடுக்க வர்றவன் என் பேரை சரியா எழுதுறானான்னு பாரு" என்றார். பண்டிதர் 1881ல் கேட்டதும் அதுதான்.